குடும்பம் என்றால் யார்?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பஞ்சப்படியைப் பற்றியோ, போனஸைப் பற்றியோ பேசப் போவதில்லை. "குடும்பம்" என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். யூனியன் வகுப்பில் சம்சாரக் கதையா என்று பின்வரிசையில் சில தோழர்கள் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கட்டும். ஆனால் அவரவர் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் காகிதங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரேஷன் கடையில் நீட்டுவது குடும்ப அட்டை. மில்லில் சேர்ந்த அன்று பிராவிடண்டு பண்டுக்காக எழுதிக் கொடுத்த பாரத்தில் குடும்பம் என்று ஒரு பகுதி. ஈ.எஸ்.ஐ.யில் குடும்பம். ஆள் செத்துப் போனால் தாசில்தார் ஆபீசில் வாங்க வேண்டிய வாரிசுச் சான்றிதழிலும் அதே குடும்பம்தான். இத்தனை காகிதத்திலும் ஏறிவிட்ட இந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று தீர்மானித்தது யார்? உங்களைக் கேட்டார்களா? எங்களைக் கேட்டார்களா?

ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு மேலே போவோம். நம் யூனியனுக்கு நேர்ந்தது. ஊர், மில், பெயர் எதுவும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

கார்டிங் பகுதியில் வேலை பார்த்த ஒரு தோழர். இருபத்தொரு வயதில் மில்லுக்கு வந்தவர். தாய் தகப்பன் இல்லை. ஆகவே பிராவிடண்டு பண்டு பாரத்தில் அண்ணன் பெயரை எழுதினார். பிறகு சொந்தத்தில் ஒரு பெண்ணைக் கட்டி வைத்தார்கள். ஒத்துவரவில்லை. ஒன்றரை வருஷத்தில் ஊர்ப் பெரியவர்களை வைத்து, கொடுத்ததை வாங்கி, வாங்கியதைக் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். நம் ஜனங்களிடம் இது காலங்காலமாக உள்ள வழக்கம். அந்தப் பெண் வேறு ஊரில் வேறு ஒருவரோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டார். இவர் சில வருஷம் கழித்து, கோன் வைண்டிங்கில் வேலை பார்த்த ஒரு விதவை அம்மாளோடு சேர்ந்து வாழத் தொடங்கினார். அந்த அம்மாள் வேறு சாதி. முதல் புருஷனுக்குப் பிறந்த ஒரு பையன் கூட இருந்தான். இவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. பதினாலு வருஷம் ஒரே லைன் வீட்டில் வாழ்ந்தார்கள். ரிஜிஸ்தர் செய்யப் போனபோது, முதல் கல்யாணம் தீர்ந்ததற்குக் கோர்ட்டு உத்தரவு எங்கே என்று கேட்டார்கள். கோர்ட்டுக்குப் போகப் பணமும் இல்லை, ஷிப்டும் ஒத்துவரவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

தோழருக்கு நெஞ்சில் வியாதி. பஞ்சுத் தூசியைப் பல வருஷம் விழுங்கிய நெஞ்சு அது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரவும் பகலும் பக்கத்தில் இருந்தது அந்த அம்மாள்தான். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய நேரம் வந்ததும், "நீ நோயாளிக்கு என்ன உறவு?" என்று கேட்டார்கள். "சம்சாரம்" என்றார். "அத்தாட்சி இருக்கிறதா?" என்றார்கள். அதற்குள் அண்ணன் வந்து சேர்ந்தார். கையெழுத்தும் அவரே போட்டார். மூன்றாம் நாள் தோழர் காலமானபோது உடலையும் சொந்த ஊருக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். பதினாலு வருஷம் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து மில் கேட்டில் நின்றவருக்கு, கடைசியாக முகம் பார்க்கக் கிடைத்தது ஆஸ்பத்திரி வாசலில் வண்டி கிளம்பும்போது ஒரு நிமிஷம்.

அதற்குப் பின்னால் வந்தது பணத் தகராறு. 1952ஆம் வருஷத்துப் பிராவிடண்டு பண்டுத் திட்டத்தில் ஒரு விதி உண்டு. தொழிலாளிக்குக் குடும்பம் இல்லாவிட்டால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பிறகு அவருக்குக் குடும்பம் ஏற்பட்டுவிட்டால் பழைய பெயர் செல்லாது. அண்ணன் தம்பி அந்தத் திட்டம் சொல்லும் குடும்பத்தில் வரமாட்டார்கள். மனைவி, மக்கள், ஆதரவில் உள்ள பெற்றோர், இறந்துபோன மகனின் விதவையும் பிள்ளைகளும் என்றுதான் அந்தக் கணக்குப் போகிறது. ஆகவே கேள்வி என்ன? செத்துப்போன தொழிலாளிக்குக் குடும்பம் இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் அண்ணன் பெயர் செல்லாது. இல்லை என்றால் இருபது வருஷ உழைப்பின் சேமிப்பும் அண்ணனுக்கு.

ஆபீசில் ஒரு குமாஸ்தா எங்களிடமே சொன்னார்: "அந்தம்மா வைப்புதானே சார்?"

குமாஸ்தாவின் பேரில் மட்டும் கோபப்பட்டுப் பயன் இல்லை. கோயம்புத்தூர்க் குடும்பக் கோர்ட்டில் தொடங்கி சுப்ரீம் கோர்ட்டு வரை போன ஒரு ஜீவனாம்ச வழக்கில், 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே அதே அர்த்தமுள்ள இங்கிலீஷ் சொல்லை எழுதினார்கள். பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005ஆம் வருஷத்துச் சட்டம், கல்யாணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு உண்டு என்று சொல்கிறது. நல்ல ஷரத்து. அதற்கு அந்தத் தீர்ப்பு நிபந்தனைகள் போட்டது. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டுமாம். அதாவது பழைய கல்யாணம் காகிதத்தில் உயிரோடு இருந்தால் போயிற்று.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? முதல் மனைவியைத் தேடிப் போனார். "நீதான் சட்டப்படி பெண்டாட்டி என்று கையெழுத்துப் போடு, வருவதில் பாதி தருகிறேன்" என்றார். அந்த அம்மாள் வேறு ஊரில் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர். பாதிப் பணம் என்றால் அவருடைய பல வருஷக் கூலி. அவர் எங்களைத் தேடி யூனியன் ஆபீசுக்கு வந்தார். "நான் அவரு மூஞ்சியப் பாத்துப் பதினெட்டு வருஷமாச்சுங்க. சோறாக்கிப் போட்டவ அவ. அந்தப் பணத்தத் தொட்டா எனக்குச் செரிக்குமாங்க?" என்றார். ஊரில் தீர்த்துக்கொண்டதை வக்கீலிடம் வந்து வாக்குமூலமாகவும் கொடுத்தார். 1955ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம், வழக்கப்படி நடக்கும் விவாகரத்தை ஒழித்துவிடவில்லை. 29ஆம் பிரிவில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வக்கீல் வேண்டும், சாட்சி வேண்டும், வாய்தாவுக்கு வாய்தா கூலியை விட்டுவிட்டு வர வேண்டும்.

நாலு வருஷம் இழுத்தது. கடைசியில் ராஜியாக முடிந்தது. பெரும்பகுதி பெண் குழந்தைக்கு, ஒரு பகுதி அண்ணனுக்கு. அந்த அம்மாளின் பெயர் அந்தக் காகிதங்களில் மனைவி என்று எங்கும் இல்லை. மைனருக்குக் கார்டியன் என்ற இடத்தில் மட்டும் இருக்கிறது. மூத்த பையன் இருக்கிறானே, தோழர் தன் கையால் படிக்க வைத்த பையன், அவன் பெயர் எதிலுமே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவன் தோழருக்கு யாரும் இல்லை. ஆனால் அந்த நாலு வருஷமும் பாலிடெக்னிக் படிப்பை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போய் வீட்டு வாடகையும் தங்கைக்குப் பள்ளிச் செலவும் கொடுத்தது அவன்தான்.

தப்பு எங்களிடமும் இருந்தது

சர்க்காரையும் கோர்ட்டையும் மட்டும் குறை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அது நேர்மை அல்ல. தோழர் இறந்த மறுநாள் நாங்கள் அச்சடித்த இரங்கல் நோட்டீசில் அண்ணன் பெயர் இருந்தது, அந்த அம்மாள் பெயர் இல்லை. "எப்படிப் போடுவது? மனைவி என்று போட்டால் பிரச்னை வருமே" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். மற்றவர்கள் பேசாமல் இருந்தோம். கேட்டில் துண்டு ஏந்தி வசூலித்த நிதியை அண்ணன் கையில் கொடுத்து போட்டோவும் எடுத்துக்கொண்டோம். அந்த அம்மாள் அன்று கூட்டத்தில் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவரும் யூனியன் மெம்பர்தான், சந்தா கட்டியவர்தான். நிலப்பிரபுத்துவ மனோபாவம் என்று மேடையில் நாம் முழங்குகிறோமே, அது பண்ணையார் வீட்டில் மட்டும் குடியிருக்கவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, இந்தச் சொல்லைப் பற்றி நாம் ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததே இல்லை என்று.

சொத்துள்ளவன் போட்ட கணக்கு

எங்கெல்ஸ் 1884இல் ஒரு நூல் எழுதினார். குடும்பம், தனிச் சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூல். இந்த வகுப்பில் முன்பே கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒரு தகவல் சொல்கிறார். ஐரோப்பிய மொழிகளில் குடும்பத்தைக் குறிக்கும் சொல் லத்தீனிலிருந்து வந்தது. ரோமாபுரியில் அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த அர்த்தம் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை அல்ல. ஒரு எஜமானனுக்குச் சொந்தமான அடிமைக் கூட்டம் என்பதுதான் அர்த்தம். உயில் எழுதி அதைப் பிள்ளைக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம்!

சொத்து உள்ளவனுக்குத் தன் சொத்து யாருக்குப் போகிறது என்பதில்தான் கவலை. ஆகவே "என் ரத்தம்தானா?" என்பது அவனுக்குப் பெரிய கேள்வி. எந்தப் பெண் வயிற்றில் பிறந்தது, தாலி கட்டினானா, மந்திரம் சொன்னானா, எந்தச் சாதி என்பதெல்லாம் அந்தக் கேள்வியின் வால்கள். முறையான பிள்ளை, முறையற்ற பிள்ளை என்று குழந்தைகளைப் பிரித்ததும் அதற்காகத்தான். தொழிலாளிகளுக்காகப் போட்டதாகச் சொல்லும் 1923ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில்கூட, விபத்தில் செத்தவரின் முறையான மைனர் பிள்ளை தானாகவே ஆதரவாளர் பட்டியலில் வந்துவிட்டது. முறை தவறிப் பிறந்த பிள்ளையோ, தான் அவர் சம்பாத்தியத்தில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. சேர்ந்து வாழ்ந்த பெண் பட்டியலிலேயே இல்லை. கூட்டி வளர்த்த பிள்ளை இல்லை. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் தாய்வழிப் பாட்டன் பாட்டியையும், பெண் தொழிலாளியின் மாமனார் மாமியாரையும் சேர்த்திருக்கிறார்கள். வரவேற்போம். சேர்ந்து வாழ்ந்தவர் அதிலும் இல்லை.

நம்மிடம் என்ன சொத்து இருக்கிறது, ரத்தம் பார்த்துக் கொடுக்க? தஞ்சாவூர்ப் பக்கத்துத் தோழர்களுக்குத் தெரியும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் மிராசுதார் கணக்கில் குடும்பம் எப்படி இருந்தது? நெல் அளக்கும்போது ஒரு ஆள். வேலை வாங்கும்போது அவன், அவன் பெண்டாட்டி, மாடு மேய்க்கப் பிள்ளை, சாணி அள்ளக் கிழவி. நமக்குக் குடும்பம் உண்டு என்பது மிராசுதாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, வேலை வாங்கும்போது மட்டும்! நூற்பு மில்களில் சுமங்கலித் திட்டம் நடந்ததே, அதையும் பார்த்தோம். கல்யாணமாகாத பெண்களாகப் பொறுக்கி எடுத்து, ஹாஸ்டலில் அடைத்து, மூன்று வருஷம் கழித்துக் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று ஆசைகாட்டி, கூலியைப் பிடித்து வைத்தார்கள். தாலியைக் காட்டியே கூலியைக் குறைக்கலாம் என்று முதலாளி கண்டுபிடித்தான்.

உழைப்பாளி வீடு ஒருநாளும் அந்தப் பாரத்தில் அடங்கியதில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பிழைக்கப் போனவர்களின் குழந்தைகளைப் பாட்டி வளர்க்கிறாள். அது குடும்பம் இல்லையா? புருஷன் விட்டுவிட்டுப் போன அக்காளும் விதவைத் தங்கையும் ஒரே குடிசையில் நாற்று நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார்கள். அது குடும்பம் இல்லையா? தனியாக நிற்கும் தாய் பள்ளிக்கூடத்துக்குப் போனால், தகப்பன் பெயர் என்ன, அவர் எங்கே என்று நாலு பேர் முன்னால் கேட்கிறார்கள். 1956ஆம் வருஷத்துச் சட்டம், குழந்தைக்கு இயற்கைக் கார்டியன் தகப்பன், அவருக்குப் பிறகுதான் தாய் என்று எழுதி வைத்தது. 'பிறகு' என்றால் தகப்பன் செத்த பிறகு மட்டும் அல்ல, அவர் பொறுப்பை ஏற்காதபோதும் தாய்தான் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்ல 1999 ஆயிற்று. கல்யாணமாகாத தாய், தகப்பனுக்கு நோட்டீஸ் கொடுக்காமலே கார்டியன் ஆகலாம் என்று சொல்ல 2015 ஆயிற்று.

ஆச்சரியம் என்னவென்றால், ரேஷன் கடை இந்த விஷயத்தில் கோர்ட்டை விடப் புத்திசாலி. தனிக் குடும்ப அட்டை கேட்டுப் போனால் அங்கே முதலில் பார்ப்பது என்ன? தனியாகச் சமைக்கிறாயா என்று. அடுப்பைப் பார்க்கிறார்கள்! 2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டில் உள்ள மூத்த பெண்ணைத்தான் குடும்பத் தலைவி என்கிறது. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, கல்யாணமாகாத தனிப்பெண்ணும், விதவையும், திருநங்கையும் தலைமை தாங்கும் வீட்டில் அவரே குடும்பத் தலைவி என்று விதியில் எழுதினார்கள். அரிசியும் பணமும் கொடுக்கிற இடத்தில் இது நடக்கும் என்றால், செத்தவரின் உழைப்புச் சேமிப்பைக் கொடுக்கிற இடத்தில் ஏன் நடக்காது?

தாலியும் சட்டமும்

சட்டத்தை மாற்ற முடியாது, அது ஆண்டாண்டு காலமாக வந்தது என்று சொல்கிறவர்களுக்கு நம் நாட்டுக் கதையையே ஞாபகப்படுத்துவோம்.

1928 முதல் பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் புரோகிதர் இல்லாமல் கல்யாணங்கள் நடத்தினார்கள். பொதுவுடைமை இயக்கத்திலும் கட்சித் தலைவர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டு குடித்தனம் தொடங்கியவர்கள் அநேகம். 1953இல் சென்னை ஹைகோர்ட்டு ஒரு வழக்கில் என்ன தீர்ப்புச் சொன்னது? சடங்கு இல்லாத இந்தக் கல்யாணம் இந்து சட்டப்படி செல்லாது என்றது. யோசித்துப் பாருங்கள். காலையில் மனைவியாக எழுந்த பெண், சாயந்திரம் சட்டத்தின் கண்ணில் யாரோ ஒருத்தி. அவள் வயிற்றுப் பிள்ளைகள் முறையற்ற பிள்ளைகள். வீட்டில் எதுவும் மாறவில்லை. அதே அடுப்பு, அதே பாய், அதே பிள்ளை. மாறியது காகிதம்.

பிறகு 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து விவாகச் சட்டத்துக்குச் சென்னை ராஜ்யத் திருத்தம் நிறைவேறி, 1968இல் அமலுக்கு வந்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ, மோதிரம் மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். அதோடு நிற்கவில்லை. அதற்கு முன்னால் அப்படி நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று பின்னோக்கிச் செல்லுபடியாக்கினார்கள். 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, இதற்கு ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று சொல்லிவிட்டது. வீட்டை விட்டு ஓடி வரும் சாதி மறுப்பு ஜோடிகளுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று உங்களுக்கே தெரியும். ஊரைக் கூட்டினால் அரிவாளும் அல்லவா கூடிவிடும்!

ஆகவே, குடும்பத்தின் அர்த்தம் வானத்திலிருந்து விழுந்தது அல்ல. ஒரு தீர்ப்பால் அழித்தார்கள், ஒரு சட்டத்தால் உண்டாக்கினார்கள். நடுவில் பதினாலு வருஷம் பலருடைய பிள்ளைகள் அவமானப்பட்டார்கள்.

வாசலுக்கு வெளியே நிற்பவர்கள்

இப்போது சொல்லப்போவது சில தோழர்களுக்குக் கசக்கலாம். பொறுமையாகக் கேளுங்கள்.

திருநங்கைகளை நம் ஊர்களில் என்ன செய்கிறோம்? பெற்ற வீடு அடித்துத் துரத்துகிறது. பதினைந்து பதினாறு வயதில் ரயிலேறிப் போகிற பிள்ளையை மூத்த திருநங்கை ஒருவர் மகளாக ஏற்று, சோறு போட்டு, காய்ச்சல் வந்தால் பார்த்து, செத்தால் எடுத்துப் போடுகிறார். அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2008இல் இந்தியாவிலேயே முதலாவதாக அவர்களுக்கு நலவாரியம் அமைத்தார்கள். 2014இல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களுடைய பாலினத்தை அங்கீகரித்தது. சரி. ஆனால் அவர்களுடைய உரிமைகளைப் பாதுகாப்பதாகச் சொல்லிப் பார்லிமெண்டு 2019இல் போட்ட சட்டத்தில், குடும்பம் என்றால் ரத்தத்தாலோ, கல்யாணத்தாலோ, சட்டப்படியான தத்தினாலோ உறவுள்ளவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள்! துரத்தியடித்த வீடு குடும்பம். அடைக்கலம் கொடுத்த வீடு குடும்பம் இல்லை. பெற்றவர்களால் பராமரிக்க முடியாவிட்டால் கோர்ட்டு அந்தப் பிள்ளையைப் புனர்வாழ்வு மையத்துக்கு அனுப்பலாமாம். அம்மா என்று கூப்பிட்ட ஆள் உயிரோடு நிற்கும்போதே!

கோர்ட்டுகளிலும் எப்போதாவது ஜன்னல் திறக்கிறது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2019இல் மதுரை ஹைகோர்ட்டுக் கிளை, திருநங்கையும் இந்து விவாகச் சட்டப்படி மணமகள்தான் என்று சொல்லிக் கல்யாணத்தைப் பதிவு செய்யச் சொன்னது. சண்டிகரில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரி நர்ஸ் வழக்கு நமக்கெல்லாம் நன்றாகப் புரியும். அவருடைய புருஷனுக்கு முதல் தாரத்துப் பிள்ளைகள் இரண்டு. அந்தப் பிள்ளைகளுக்காக அவர் லீவு எடுத்திருந்தார். பிறகு தனக்கு முதல் குழந்தை பிறந்தபோது பிரசவ லீவு கேட்டார். உனக்குத்தான் ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருக்கிறதே, கிடையாது என்றார்கள். முதலாளி தர்மத்தைப் பாருங்கள். உரிமை கொடுக்கும்போது அது உன் பிள்ளை இல்லை, உரிமையைப் பிடுங்கும்போது அது உன் பிள்ளை! 2022 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு லீவு கொடுக்க உத்தரவிட்டது. தகப்பன், தாய், பிள்ளை என்ற ஒரே அச்சில் குடும்பங்கள் இருப்பதில்லை, வழக்கத்துக்கு மாறான குடும்பங்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லியது.

ஆனால் அதே சுப்ரீம் கோர்ட்டு 2023 அக்டோபர் 17இல், ஒரே பாலினத்தவர் இருவர் சேர்ந்து வாழ்வதைக் கல்யாணமாக அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அது பார்லிமெண்டின் வேலை என்றது. மத்திய சர்க்கார் 2024இல் அவர்களை ஒரே ரேஷன் அட்டையில் சேர்க்கலாம் என்று ராஜ்யங்களுக்கு எழுதியது. மறுபடியும் ரேஷன் கடைதான் முந்திக்கொண்டது, பாருங்கள். 2025 மே மாதம் சென்னை ஹைகோர்ட்டு, பெற்றோர் அடைத்து வைத்த ஒரு பெண்ணை அவருடைய தோழியோடு போக விட்டது. கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்பதில்லை என்று அந்தத் தீர்ப்பில் எழுதினார்கள்.

"இதெல்லாம் பணக்கார வீட்டு விவகாரம், நமக்கு எதற்கு?" என்று ஒரு தோழர் போன வகுப்பில் கேட்டார். பணக்காரனுக்கு உயில் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், தனி ஆஸ்பத்திரி இருக்கிறது. அவன் யாரோடு வாழ்ந்தாலும் அவன் பணம் வழி கண்டுபிடித்துக்கொள்ளும். கூட வாழ்ந்தவர் செத்த மறுநாள் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்வது நம்மைத்தான்.

"கம்யூனிஸ்டுகள் குடும்பத்தை உடைக்கப் பார்க்கிறார்கள்" என்று இன்னொரு பழி. 1848இல் மார்க்சும் எங்கெல்சும் அறிக்கை வெளியிட்ட நாளிலிருந்து கேட்கும் பழைய பல்லவி இது. ஆனால் நம் முகாமின் சரித்திரத்தையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். சோவியத்தில் 1918ஆம் வருஷத்துச் சட்டம், முறையான பிள்ளை, முறையற்ற பிள்ளை என்ற பேதத்தையே ஒழித்தது. 1926இல், பதியாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் உரிமை கொடுத்தது. மகத்தான காரியம். 1944இல் அதே சோவியத், பதிவுத் திருமணம்தான் திருமணம் என்று பின்வாங்கியது. மணமாகாத தாய் தகப்பன் பேரில் வழக்குப் போட முடியாமல் போயிற்று. யுத்தத்தில் ஆண்கள் லட்சக்கணக்கில் மடிந்த நேரத்தில் அந்தச் சுமை தாய்மார்கள் தலையில் விழுந்தது. கியூபாவில் புரட்சிக்குப் பிறகு, 1965 முதல் 1968 வரை, ஓரினச் சேர்க்கையாளர்களையும் வேலை முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த அநியாயத்துக்குப் பொறுப்பு தன்னுடையது என்று பிடல் காஸ்ட்ரோவே 2010இல் ஒப்புக்கொண்டார். அந்த நாட்டில்தான் 2022இல் புதிய சட்ட நகலைத் தெருத்தெருவாக 79,000க்கும் மேற்பட்ட கூட்டங்களில் ஜனங்கள் விவாதித்தார்கள். செப்டம்பர் 25இல் வாக்கெடுப்பு நடத்தி, வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆதரிக்க நிறைவேற்றினார்கள். அதன் பெயர் குடும்பச் சட்டம் அல்ல, குடும்பங்களின் சட்டம். பன்மை! மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பேசிப் பேசித்தான் மாற்ற வேண்டியிருந்தது.

நாம் செய்ய வேண்டியது

நாம் கேட்பது இதுதான். தொழிலாளியின் சேமிப்பும், பணிக்கொடையும், நஷ்டஈடும், பென்ஷனும் அவர் உயிரோடு இருக்கும்போது யாரோடு சேர்ந்து உண்டு வாழ்ந்தாரோ, யார் அவரைக் கவனித்தார்களோ, யாரை அவர் வளர்த்தாரோ அவர்களுக்குச் சேர வேண்டும். அதற்கேற்பக் குடும்பம் என்ற விளக்கத்தைச் சட்டத்தில் திருத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும், உடலை வாங்கவும் நோயாளியே முன்கூட்டி எழுதிக் கொடுத்த பெயர் செல்ல வேண்டும். இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மாநாட்டுக்கு எழுதியிருக்கிறோம். உடனே வந்துவிடும் என்று ஆசைகாட்ட மாட்டோம்.

சட்டம் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பிராவிடண்டு பண்டில் குடும்பம் உள்ளவர் வெளியாள் பெயரை எழுதினால் செல்லாது என்று பார்த்தோம். ஆனால் பாங்கிக் கணக்கில் யாரை வேண்டுமானாலும் நாமினியாகப் போடலாம். சொந்தமாகச் சம்பாதித்த வீட்டையும் நகையையும் யார் பெயருக்கும் உயில் எழுதலாம். வெள்ளைத் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் போட்டால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தீர்த்துக்கொண்ட கல்யாணம் இருந்தால், அந்தப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே வக்கீலைப் பார்த்து வழி தேடிக்கொள்ளுங்கள். தடை இல்லாதவர்கள், பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகும் கூச்சப்படாமல் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிமார்கள் குழந்தையின் பெயர் எந்தக் குடும்ப அட்டையில் இருக்கிறது என்று பாருங்கள்.

யூனியனில் நாங்கள் இரண்டு காரியம் செய்திருக்கிறோம். உறுப்பினர் பதிவேட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்: "என்னோடு சேர்ந்து உண்டு வாழ்பவர்கள்." என்ன உறவு, என்ன சாதி, தாலி கட்டியதா இல்லையா என்று கேட்கப் போவதில்லை. இனி ஒரு தோழர் இறந்தால் நோட்டீசில் போடும் பெயரும், வசூல் நிதி போய்ச் சேரும் கையும் அந்தப் பத்தியைப் பார்த்துத்தான். கமிட்டியில் இதற்கு மூன்று பேர் எதிர்த்தார்கள். அவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு இன்னும் பேசுவோம்.

அந்தப் பதிவேட்டை முதலில் எழுதிக் கொடுக்க, எங்கள் வேண்டுகோளின்பேரில், கோன் வைண்டிங் அம்மாளே வந்தார். தன் பெயருக்கு எதிரே மகனையும் மகளையும் எழுதச் சொன்னார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, களை எடுக்கும் அந்த முதல் அம்மாளின் பெயரையும் எழுதச் சொன்னார். அவருக்கு இப்போது ஆள் ஆதரவு இல்லையாம், இங்கேதான் வந்து இருக்கிறாராம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் யூனியன் ஆபீசில் இரண்டு தோழர்கள் பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். குடும்ப அட்டை, பிராவிடண்டு பண்டு நம்பர், பாங்கிப் புத்தகம் மூன்றையும் கொண்டு வாருங்கள். இரவு ஷிப்டுத் தோழர்கள் தூங்கி எழுந்து சாயந்திரமும் வரலாம்.